வெட்டிய புல்லோடு வரும் வினை

தக்காளிச் செடியின் கொழுந்து கிண்ணம்போலக் குவிகிறது. புதிய இலைகள் விரியாமல் சுருண்டு திருகுகின்றன. பார்த்தவுடன் வைரஸ் நோய் என்றுதான் தோன்றும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரில் பலருடைய தோட்டங்களில் இப்படி நடந்தது. காரணம் நோயல்ல, அவர்கள் நம்பி வாங்கிப் போட்ட மட்கு உரம். வீட்டுப் புல்வெளிகளில் வெட்டிச் சேர்த்த புல்லில் தயாரான உரம் அது.

அந்தப் புல்வெளிகளில் கிளோபைராலிட் என்ற களைக்கொல்லியைத் தெளித்திருந்தார்கள். இது புல்லை ஒன்றும் செய்யாது. அகன்ற இலைக் களைகளுக்குள் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைப்போல வேலைசெய்து, தாறுமாறாக வளரவைத்தே கொன்றுவிடும். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாமே அகன்ற இலைச் செடிகள்தாம். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே அவற்றின் இலை திருகிவிடும். களை விதைகளைச் சாகடிக்கும் மட்குக் குவியலின் சூடு இந்த மருந்தை எளிதில் அழிப்பதில்லை. மாட்டின் வயிற்றில்கூட இந்த வகை மருந்துகள் சிதையாது. 2008-இல் பிரிட்டனில், இதே வகையைச் சேர்ந்த அமினோபைராலிட் தெளித்த புல்லைத் தின்ற மாடுகளின் சாண எருவே காய்கறிப் பாத்திகளைக் கெடுத்தது. அங்கே அதன் விற்பனையையே சில காலம் நிறுத்திவைத்தார்கள்.

தெளித்த புல்லை உரமாக்காதே என்ற எச்சரிக்கை டப்பாவில் இருக்கிறது. அதைப் படிப்பவர் மருந்து தெளிப்பவர் மட்டுமே. புல் கைமாறி, மட்கி, மூட்டையில் ஏறி விற்பனைக்கு வரும்போது அந்த எச்சரிக்கை கூட வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. வாஷிங்டன் மாநிலம் 2002-இல் வீட்டுப் புல்வெளிகளுக்கு கிளோபைராலிட்டைத் தடை செய்தது சரியான முடிவு.

எல்லா மருந்தும் இவ்வளவு பிடிவாதமானதல்ல. 2,4-டி என்ற களைக்கொல்லி மட்குக் குவியலில் இதைவிடச் சீக்கிரம் சிதையும். ஆனாலும் மருந்து தெளித்தபின் முதல் சில முறை வெட்டும் புல்லை மூடாக்காகப் போடவே கூடாது. வெட்டிய இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதிலுள்ள தழைச்சத்து புல்வெளிக்கே திரும்பிவிடும்.

உரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையா? அதை மண்ணோடு கலந்து சில தொட்டிகளிலும், உரமில்லாத மண்ணை வேறு சில தொட்டிகளிலும் நிரப்பி, இரண்டிலும் பீன்ஸ் விதை ஊன்றுங்கள். தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கூடாது. மூன்று நான்கு வாரம் பொறுங்கள். உரம் கலந்த தொட்டிகளில் மட்டும் இலை குவிந்து திருகினால், அந்த உரத்தைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.