பழைய காரும் வாங்கியவர் உரிமையும்

2024 செப்டம்பர் 28 அன்று, நெமிலி தாலுகாவைச் சேர்ந்த பனப்பாக்கத்தில், 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாட்டா கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயினும், அங்கே உருவாகும் புதிய கார்களைப் பற்றியல்ல, அவ்வட்டாரத்து டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்து மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய செடான் ஒன்றை வாங்கி, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தோடு போய்வர விரும்பும் எளிய ஜனங்களைப் பற்றியே இங்கே எனக்குக் கவலை.

அந்தக் கார் ரேடியேட்டர் கொதித்து நடுவழியில் நிற்பதும், அதைச் சரிசெய்தால் கிளட்ச் வழுக்குவதும், கிளட்சை மாற்றியபின் மறுபடியும் என்ஜின் சூடாவதுமாக இருக்கையில், "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று விற்றவர் சொல்லும் ஒரு வார்த்தையில் வாங்கியவர் வாயடைத்துப் போகிறார். வயதினால் வரும் தேய்மானத்தை அவர் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் கிலோமீட்டர் கணக்கைக் குறைத்துக் காட்டியதும், விபத்தில் நசுங்கிய பாகத்தைப் பூசி மறைத்ததும் தேய்மானம் ஆகா.

பரிகாரம், விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. தனிமனிதரிடம் வாங்கினால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வஞ்சனையைக் காட்டி விற்பனையை ரத்து செய்ய சிவில் கோர்ட்டை நாடலாம். எனினும், சாதாரண சிரத்தையோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையை விற்றவர் வாய்திறவாமல் மறைத்தார் என்பது மட்டும் அங்கே செல்லாது. ஆகையால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே நம்பகமான மெக்கானிக்கிடம் காரைக் காட்டி, அவர் அபிப்பிராயத்தை எழுத்தில் பெறுவது பிரதானம். வியாபாரியிடம் வாங்குவோருக்கோ பாதுகாப்பு அதிகம்: 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மத்திய விதிகளின்படி, பழைய கார் வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும்; அதைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியை மட்டுமல்லாது, காசு வாங்கிப் பழுதுபார்க்கும் ஒர்க்ஷாப்பையும் கட்டுப்படுத்துகிறது. புதுப்பித்த பழைய ஸ்பேர் பார்ட்ஸைப் புதியது என்று சொல்லி மாட்டுவதும், பில் கொடுக்க மறுப்பதும் அச்சட்டத்தில் நியாயமற்ற வணிகமுறைகள். அடிக்கடி பழுதாகும் காருக்கு, தேதியும் கிலோமீட்டரும் மாற்றிய பாகமும் குறித்த பில்களே சாட்சி.

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விட்டால் ஆபத்து விற்றவருக்கும் உண்டு. காரைக் கைமாற்றிய பின்னும் ஆர்.சி.யில் பெயருள்ளவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்ற வாங்கியவருக்கு 14 நாளே அவகாசம்.

வியாபாரி செவிசாய்க்காவிடில், முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும், பின்னர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். சென்னையில் வாங்கிய காராயினும் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. கெடு இரண்டு வருஷம். குறையைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டாகையால், என்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து, கழற்றிய பாகங்களையும் மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.