வலிக்காத காலைக் கழுவுகிறவர்கள்

குர்லாவில் ஹார்பர் லைன் வண்டியில் வி.டி. பக்கம் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சுனாபட்டி. பிறகு ஜி.டி.பி. நகர், அதற்கடுத்து வடாலா. கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிற தூரம்தான். ஆனால் தொழுநோய் வந்தவர்களை இந்த நகரம் எப்படி நடத்தியது என்று தெரிந்துகொள்ள இந்தத் துண்டுப் பாதையே போதும். வடாலாவில் இருக்கிறது அக்வொர்த் மருத்துவமனை. பம்பாயின் முனிசிபல் கமிஷனராக இருந்த எச்.ஏ. அக்வொர்த், தெருவில் கிடந்த நோயாளிகளுக்காக 1890இல் தொடங்கிய காப்பகம் அது. சயான்-சுனாபட்டியில் இருக்கிறது, டாக்டர் ஆர். கணபதி 1976இல் தொடங்கிய பாம்பே லெப்ரசி ப்ராஜெக்ட். முதலாவது நோயாளியைச் சுவருக்குள் கொண்டுவந்து வைத்தது. இரண்டாவது சுவரைத் தாண்டி, குடிசைப் பகுதிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நோயாளியைத் தேடிப் போனது. இடையில் ஓடியவை ஏறக்குறைய தொண்ணூறு வருடங்கள்.

தெற்கிலிருந்து வரும் வண்டிகளில் பல வந்து நிற்கும் லோக்மான்ய திலக் டெர்மினஸ் குர்லாவில்தான் இருக்கிறது. பிழைப்புக்காக வந்த தமிழர்களோடு, உடம்பில் தெரிந்த ஒரு தேமலை ஊர்க்கண்ணுக்கு மறைக்க வந்தவர்களும் இந்த நகரத்துக்கு வந்திருக்கிறார்கள். ஊரில் தெரிந்தால் தங்கச்சிக்கு வரன் வராது, கடையில் டீ கிளாஸ் தனியாகிவிடும். பம்பாயில் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. அந்த நிம்மதிக்காகவே ரயிலேறியவர்கள் உண்டு.

குர்லாவின் திருச்சிலுவை ஆலயம் போர்த்துகீசியர் காலத்தது, 1848இல் திரும்பக் கட்டப்பட்டது. அங்கும், மற்றக் கத்தோலிக்கக் கோயில்களிலும் பெரிய வியாழன் மாலையில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். சாமியார் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேருக்கு முன்னால் ஒவ்வொருவராக மண்டியிடுவார். தண்ணீர் ஊற்றுவார், துடைப்பார், முத்தமிடுவார். யோவான் சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் கண்முன்னே நிகழும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும், எனக்கும் அடைத்திருக்கிறது. கழுவப்படும் அந்தக் கால்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த கால்கள். அதில் ஒரு குறையும் இல்லை, சடங்கு என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த அதிகாரம் சொல்வதை வருடம் முழுவதும் செய்கிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

தொழுநோயைப் பற்றி நம்மில் பலருக்கு இன்னும் தெரியாத ஒன்று இருக்கிறது. விரலையும் பாதத்தையும் அந்தக் கிருமி தின்பதில்லை. 1873இல் நார்வேயில் ஹான்சன் கண்டறிந்த அந்தக் கிருமி நரம்பைப் பிடிக்கிறது. நரம்பு போனால் உணர்ச்சி போகிறது. உணர்ச்சி போன காலில் ஆணி குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. அந்தப் புண்ணோடேயே மனிதர் நடப்பார். புண் ஆழமாகி, சீழ் பிடித்து, எலும்புவரை போகும். அப்படித்தான் விரல்கள் குட்டையாகின்றன.

இதைத் தெளிவாக்கியது வேலூர். பால் பிராண்டு 1914இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். தகப்பனார் ஜெஸ்ஸி 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தாயார் ஈவ்லின் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் இறங்கிவர மறுத்து, மலைக்கிராமங்களிலேயே ஊழியம் செய்து, 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் மறைந்தார். அந்தத் தாயின் பிள்ளை 1946இல் அறுவைச் சிகிச்சை நிபுணராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்து, என் கையை அழுத்து என்றார். அந்தப் பிடியின் பலத்தில் அவருக்கே வலித்தது. இவ்வளவு பலம் இருக்கிறதென்றால் தசை நன்றாகத்தான் இருக்கிறது, அதை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரலை நிமிர்த்தலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1948இல் அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின.

அதைவிடப் பெரிய காரியம், புண் எங்கிருந்து வருகிறது என்று அவர் துப்பறிந்ததுதான். துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பார்த்தால் அவன் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. இன்னொரு மர்மம்: இரவில் படுக்கும்போது இருந்த விரல்நுனி காலையில் இல்லை. விழித்திருந்து பார்த்தபோது விடை கிடைத்தது. எலி கடித்திருந்தது, தூங்குகிறவர் அசையக்கூட இல்லை. அதன் பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிய, இவ்வளவு அன்பான மருந்துச்சீட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணப் புண்ணுக்கு ட்ரெஸ்ஸிங் செய்யும்போது ஒட்டியிருக்கும் பஞ்சை வெடுக்கென்று பிய்த்தால் நோயாளி அலறுவார், திட்டுவார். அந்த அலறல்தான் கட்டுப்போடுகிறவரின் கையை மெதுவாக்குகிறது. மரத்துப்போன காலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிய்த்து எடுத்தாலும் அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். காய்ப்பேறிய தோலைச் சீவாமல் விட்டால் கேட்கமாட்டார். பாதத்தின் அடியைத் திருப்பிப் பார்க்காமல் மேலோடு கட்டுப்போட்டு அனுப்பினாலும் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். ஒழுங்காகச் செய்தாலும் அதே கும்பிடு, அரைகுறையாகச் செய்தாலும் அதே கும்பிடு. தப்பு வெளியே தெரிய வாரங்கள் ஆகும். காலை எடுக்க வேண்டியதாகிவிட்டால்கூட, எந்த நாளில் யார் சரியாகப் பார்க்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இந்த வேலையில் மேற்பார்வையாளர் என்று ஒருவர்தான் உண்டு, மனசாட்சி. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், எஜமான் பார்க்கும்போது மட்டும் வேலை செய்கிறவர்களாக இராதீர்கள் என்று வேலைக்காரர்களுக்குப் புத்தி சொல்கிறார். எத்தனையோ பிரசங்கங்களில் அதைக் கேட்டிருக்கிறோம். அதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது மரத்துப்போன ஒரு பாதத்தை நினைத்துப் பார்த்தபோதுதான். நேர்மை என்றதும் லஞ்சம் வாங்காத அதிகாரியைத்தான் நாம் நினைக்கிறோம். வலிக்காத இடத்திலும் மெதுவாகக் கை வைக்கிறவரின் நேர்மை அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

மும்பையில் அந்தப் பாதத்தைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தினமும் காலைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம்போல ஊறவைக்க வேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். அடிப்பாதம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும், அல்லது பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். செருப்பைப் போடுமுன் உள்ளே கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. குழாயில் குறித்த நேரம் மட்டும் தண்ணீர் வரும் ஒற்றை அறை வீட்டில், ஐந்தாறு பேர் குளித்து வேலைக்குக் கிளம்பும் காலையில், காலை ஊறவைக்க ஒரு பக்கெட் தண்ணீரும் இருபது நிமிடமும் ஒதுக்குவது எப்படி? ஆனியிலிருந்து ஆவணிவரை மழை. மித்தி ஆறு நிரம்பினால் குர்லாவின் தாழ்ந்த பகுதிகளில் சாக்கடைத் தண்ணீர் முழங்கால்வரை நிற்கும். பழைய இரும்புக் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்குக் காலடியெல்லாம் தகரத் துண்டு.

செருப்பின் கதையையும் சொல்ல வேண்டும். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிப் புண் வராமல் தடுக்கும். ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்தாலே இன்ன நோய் என்று தெரிந்துவிடும் என்பதால் பலர் அதை வாங்கி மூட்டையில் கட்டி வைத்துவிட்டு, ஹவாய்ச் செருப்பில் நடந்தார்கள். இதைக் கண்டுகொண்டவர்கள், கடையில் விற்கும் செருப்பைப் போலவே தோன்றும்படி அதைச் செய்யத் தொடங்கினார்கள். நோயாளியின் பாதத்தோடு அவருடைய மானத்தையும் சேர்த்து அளவெடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இந்த வேலையின் வெற்றி என்பது எதுவும் நடக்காமலிருப்பது. இந்த மாதம் புண் வரவில்லை என்பதற்கு யாரும் மாலை போடுவதில்லை. அப்படியென்றால் செய்கிறவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? மேரி வர்கீஸின் வாழ்க்கை எனக்கு ஒரு பதில் சொல்கிறது. வேலூரில் இளம் மருத்துவராக இருந்தவர், 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இழந்தார். இனி மருத்துவத்தில் தனக்கு இடமில்லை என்று நொறுங்கியிருந்தவரிடம், கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று வழி காட்டினார் பிராண்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையையே உருவாக்கினார். 1972இல் பத்மஸ்ரீ வந்தது. தன் கால்களில் உணர்ச்சி இல்லாத ஒரு டாக்டர், கையில் உணர்ச்சி இல்லாதவரின் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அங்கே யார் யாருக்கு ஆறுதல் கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிறிஸ்தவ ஊக்கம் என்று நான் நம்புவது இதைத்தான். மேடையிலிருந்து கீழே வீசப்படுவதல்ல அது. பாதத்தை மடியில் வைத்துத் துடைக்கிறவர், உன் மகள் பத்தாவதில் எவ்வளவு மார்க் என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வியில் இருக்கிறது.

கிறிஸ்தவர்கள் தலைகுனிய வேண்டிய பக்கமும் இதே வரலாற்றில் உண்டு. மிஷன் காப்பகங்கள் சோறு போட்டன, மருந்து போட்டன. ஆணையும் பெண்ணையும் பிரித்தும் வைத்தன, குழந்தைகளைத் தாயிடமிருந்து விலக்கின. நோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் வருடச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டத்திலும் தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. இந்து, முஸ்லிம் திருமணச் சட்டங்களிலும் இருந்த அதே பிரிவோடு சேர்த்து 2019இல்தான் அது எடுக்கப்பட்டது. தொழுநோயாளியைக் கை நீட்டித் தொட்டவரின் பெயரால் திருமணம் செய்துகொள்கிறவர்கள், இந்தப் பிரிவை எடுங்கள் என்று முன்னாலேயே தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தச் சேவை கிறிஸ்தவர்களின் தனிச்சொத்தும் அல்ல. பாபா ஆம்தேயின் ஆனந்தவனம் இதே மகாராஷ்டிரத்தில் வளர்ந்தது. காந்தி சேவாகிராமத்தில் தொழுநோயாளியான பர்ச்சுரே சாஸ்திரியின் புண்ணைத் தன் கையால் கழுவினார். சுனாபட்டியின் கணபதி எந்த மிஷனையும் சேர்ந்தவரல்லர். நல்ல சமாரியன் கதையைச் சொன்னவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு இது சந்தோஷம் தர வேண்டிய செய்தி.

பன்னிரண்டு மாதம், சிலருக்கு ஆறே மாதம் கூட்டு மருந்து சாப்பிட்டால் தொழுநோய் குணமாகும். உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது 1981இல். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். ஆனால் மாத்திரை கிருமியைக் கொல்லுமே தவிர, செத்த நரம்பை எழுப்பாது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியதாக இந்தியா அறிவித்தது. அதோடு பலருடைய கவனம் திசைதிரும்பியது. இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள், வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல். மருந்து முடிந்ததும் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குணம் என்று எழுதிவிடுவார்கள். மரத்துப்போன கால் சாகும்வரை அவரோடு இருக்கும்.

குர்லா, தாராவி, செம்பூர் வட்டாரத்துத் தமிழ்ச் சபைகளிடமும் பங்குகளிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களிடம் பாடகர் குழு இருக்கிறது, வாலிபர் சங்கம் இருக்கிறது, பெண்கள் ஐக்கியம் இருக்கிறது. அதில் நாலு பேர் மாதத்தில் ஒரு நாள் அக்வொர்த்துக்கோ சுனாபட்டிக்கோ போய், காலைப் பராமரிப்பது எப்படி என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் சந்தில் இருக்கும் ஒருவருக்கு, யாரும் படம் எடுக்காத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதைச் செய்துகொடுங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பில் வெளிறிய தேமல் இருந்து, அங்கே தொட்டால் தெரியவில்லை என்றால், மறைக்காமல் அழைத்துக்கொண்டு மாநகராட்சி மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது.