கோட்டைக்குள் இரண்டு சித்திரசாலைகள்

ரிஷிவந்தியத்து அர்த்தநாரீஸ்வரர் ஆலயத்தில் தேன் அபிஷேகம் நடக்கும்போது சிவலிங்கத்தில் அம்மையப்பன் உருவம் தெரியும் என்று அவ்வூரார் சொல்வார்கள். மேலோரின் உருவத்தைக் கண்ணாரக் காணும் ஆசை நம்மவருக்கு அவ்வளவு பழையது. அந்தத் தொகுதியின் பிரதிநிதி சென்று அமரும் சென்னைச் சட்டசபை மண்டபத்திலோ, தேன் இல்லாமலே பல உருவங்கள் சுவரில் காட்சி தருகின்றன. 2011-ல் ரிஷிவந்தியத்தில் வெற்றி பெற்ற விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவராய் வீற்றிருந்ததும் அவற்றின் முன்னிலையில்தான்.

பெரியோர் படங்களுக்கென்றே லண்டன் நகரத்தார் 1856-ல் ஒரு சித்திரசாலை நிறுவினார்கள். எழுதிய கை எத்தகையது என்பதைவிட, எழுதப்பட்டவர் யார் என்பதே அங்கே முக்கியம். நம் ஜார்ஜ் கோட்டையிலும் இவ்வகையில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கின்றன.

முதலாவது, 1795-ல் எழுந்த கட்டடத்தில் 1948-ல் ஏற்பட்ட கோட்டை மியூசியம். ஆங்கில அரசர்களும் கவர்னர்களும் ஆளுயரச் சித்திரங்களில் நம்மை உற்றுப் பார்க்கிறார்கள். காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலையையும் அவசியம் பார்க்க வேண்டும். திப்புவின் பாலகர் இருவரை 1792-ல் பிணையாக வாங்கிய காட்சியை அதன் பீடத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள். குழந்தைகளைப் பிணை கொண்டதை வெற்றிச் சின்னமாகப் பொறித்துக்கொள்ள அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை!

அதே 1948-ல்தான் சட்டசபையில் காந்தியடிகளின் படத்தை ராஜாஜி திறந்து வைத்தார். ராஜாஜியின் படத்தை நேரு திறந்தார். பின்னர் வள்ளுவர், காமராஜர், பெரியார், அண்ணா, அம்பேத்கர் முதலியோர் வந்து சேர்ந்தனர். 2018 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் படம் வரும் வரையில் அந்தச் சுவரில் ஒரு பெண்மணிக்கும் இடமில்லை. தமிழ்நாட்டில் சிறை சென்ற மாதரசிகளுக்கா பஞ்சம்?

காந்திஜியின் படம் ஏறிய நாளில் மாகாணப் பிரதம மந்திரியாக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ரிஷிவந்தியம் சேர்ந்திருந்த அதே பழைய தென்னாற்காடு ஜில்லாக்காரர். அவருடைய படம் வ. உ. சி., சுப்பராயன் படங்களோடு அங்கே ஏறியது 2021 பிப்ரவரியில்! எழுபத்திரண்டு வருஷங்களுக்கு மேல் காத்திருந்தார். பதவியில் ஒட்டிக்கொள்ளாத மனிதர், படத்துக்கா அவசரப்பட்டிருப்பார்?

நமக்கு உள்ள குறை வேறு. வெள்ளைக்கார கவர்னர்களை மியூசியத்தில் சீட்டு வாங்கி எவரும் பார்க்கலாம். ஓமந்தூராரைப் பார்க்கவோ சட்டசபைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2019-ல் பிறந்த கள்ளக்குறிச்சி ஜில்லாவின் தலைநகரில் ஒரு பொது மண்டபத்தை ஒதுக்கி, இப்படங்களின் பிரதிகளை மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுதி வைத்தால் என்ன? ரிஷிவந்தியத்துப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி, பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பி விடுவார்கள்.