அடுப்புப் புகையின் விலை

காற்று மாசு என்றதும் ஆலைப் புகைபோக்கியும் மோட்டார் வண்டிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மாசினை அளக்கும் நிலையங்களும் வெட்டவெளிக் காற்றையே அளக்கின்றன. ஆனால் நம் நாட்டில் புகைக்கு மிக அருகில், நாள்தோறும் பல மணி நேரம் இருப்பவர், ஊரகச் சமையலறையில் அடுப்பின்முன் அமர்ந்திருக்கும் பெண்ணே ஆவார். அவர் மடியிலோ அருகிலோ இருக்கும் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

விறகு முழுமையாக எரியுமானால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியுமே உண்டாகும். சாதாரண அடுப்பில் அவ்வாறு நிகழ்வதில்லை. விறகின் ஈரமும் காற்றோட்டக் குறைவும் எரிதலை அரைகுறையாக்குகின்றன. வறட்டியும் பயிர்த்தாளும் இன்னும் மோசம். எரியாது எஞ்சிய பகுதியே கார்பன் மோனாக்சைடாகவும் நுண்துகள்களாகவும் வெளிப்படுகிறது. 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் நுண்ணறைகள்வரை சென்று தங்குகின்றன. குழந்தைகளின் நிமோனியா, பெரியவர்களின் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இருதய நோய், கண்புரை ஆகியவற்றுக்கும் இப்புகைக்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. விறகடுப்பு எரியும் அறையில் இது பல நூறாக உயர்வது வழக்கம். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இத்தனை தீங்கிருந்தும் இவ்வடுப்பு ஏன் நீடிக்கிறது? அறியாமை என்று கூறிவிடுவது எளிது. அது சரியான விடையன்று. சுள்ளியும் வறட்டியும் பெரும்பாலான குடும்பங்களில் காசு கொடுத்து வாங்கப்படுவதில்லை. எனவே வீட்டுக் கணக்கில் அவற்றின் விலை சுழியாகும். விறகு பொறுக்கும் நேரமும், தலைச்சுமையும், இருமலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எரிவாயு உருளைக்கோ ரொக்கம் வேண்டும். அதுவும் ஒரே தவணையில் வேண்டும். ரொக்கத்தைச் செலவிட முடிவு செய்பவர் ஒருவர், புகையைச் சுவாசிப்பவர் மற்றொருவர் என்னும் நிலை பல குடும்பங்களில் உள்ளது. பொருளியலார் புறவிளைவு என்று குறிப்பிடுவது இங்கே ஒரே கூரையின்கீழ் நிகழ்கிறது.

அடுப்பைச் சீர்திருத்தும் முயற்சி நமக்குப் புதிதன்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.பி. ராஜு 1953லேயே புகையற்ற அடுப்பு பற்றி நூல் வெளியிட்டார். 1980களின் தொடக்கத்தில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2002இல் முடிவுற்ற அத்திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நிறுவப்பட்டன. எண்ணிக்கை நிறைவளிப்பதே. ஆயினும் வெடித்த களிமண்ணைப் பூசுவதற்கும் அடைபட்ட புகைக்குழாயைத் துடைப்பதற்கும் எந்தப் பதிவேட்டிலும் பத்தியில்லை. பின்னர் ஒடிசா கிராமங்களில் இத்தகைய அடுப்புகளை நான்காண்டுகள்வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், முதலாண்டில் குறைந்த புகை பின்னர் பழைய நிலைக்கே திரும்பியது கண்டறியப்பட்டது. பழுதுபார்க்கப்படாத அடுப்புகளை மக்கள் கைவிட்டிருந்தனர்.

2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி உஜ்வலா திட்டம், அடுப்பை விடுத்து எரிபொருளையே மாற்ற முற்பட்டது. இணைப்பு பெண்ணின் பெயரில் வழங்கப்பட்டது பொருள் பொதிந்த ஏற்பாடாகும். 2019 செப்டம்பரில் 8 கோடி இணைப்புகள் நிறைவுற்றன. தேசிய குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளால் சமைக்கும் குடும்பங்கள் 2015-16இல் 43.8 சதவீதம், 2019-21இல் 58.6 சதவீதம். எனினும் ஊரகத்தில் இது 43.2 சதவீதமே.

இணைப்பு வேறு, பயன்பாடு வேறு. எரிவாயுவை மட்டுமே நம்பும் ஒரு நடுத்தர அளவுக் குடும்பத்துக்கு 14.2 கிலோ உருளை ஆண்டுக்கு ஏழெட்டாவது தேவைப்படும். உஜ்வலா பயனாளிகள் 2019-20இல் சராசரியாக மூன்றையே வாங்கினர். எனவே எரிவாயுவில் தேநீரும், விறகில் ரொட்டியும், மாட்டுத் தீவனமும் எனச் சமையல் பங்கிடப்படுகிறது. (விறகடுப்பு ரொட்டியின் சுவையை இழக்க மனமில்லாதவர்களும் உண்டு, அதை மூடநம்பிக்கை எனத் தள்ளுவதற்கில்லை.) புகையோ பாதி அடுப்புக்குப் பாதியாகக் குறைவதில்லை, ஒருவேளை விறகெரித்தாலே அறைக்காற்று வரம்பைத் தாண்டிவிடும்.

தொடக்கத்தில் அடுப்பின் விலையையும் முதல் உருளையின் விலையையும் கடனாகப் பெற்றோரிடமிருந்து அக்கடன் மானியத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. ஆகவே மிக ஏழையான வாடிக்கையாளரே சில காலம் மானியமற்ற விலை கொடுக்க நேர்ந்தது. 2018இல் இப்பிடித்தம் ஒத்திவைக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் இப்பயனாளிகளுக்கு உருளைக்கு 200 ரூபாயாக அறிவிக்கப்பட்ட மானியம், 2023 அக்டோபரில் 300 ரூபாயாக உயர்ந்தது. 2023-24இல் சராசரி நான்கை நெருங்கியது. விலைக்கு மக்கள் செவிசாய்க்கின்றனர் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே மாவட்ட அலுவலர்களின் ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை இணைப்பு என்ற கேள்விக்கு முன்பாக, ஒரு வீடு ஆண்டில் எத்தனை உருளை வாங்கிற்று என்ற கேள்வி எழவேண்டும். மூன்றுக்கும் குறைவாக வாங்கிய வீடுகளின் பட்டியல் விநியோகஸ்தரிடமே உள்ளது. காரணம் விலையா, கிடங்கின் தொலைவா, மொத்தத் தொகை திரட்ட இயலாமையா என்பதை அவ்வீடுகளில் கேட்டறியலாம். மூன்றாவது காரணமாயின் 5 கிலோ உருளை உதவும்; இரண்டாவதாயின் அது பெரிதாக உதவாது, வண்டி அவ்வூருக்குச் செல்லவேண்டும்.