யூரியாவில் பிறக்கும் ஒளிவினையூக்கி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. மாந்தோப்புகளும் சிப்காட் ஆலைகளும் அடுத்தடுத்து வரும் பகுதி. இங்குள்ள விவசாயிக்கு நன்கு பழக்கமான யூரியாவிலிருந்தே, வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒளிவினையூக்கியைத் தயாரிக்கலாம்.

யூரியாவை மூடியிட்ட பீங்கான் கிண்ணத்தில் வைத்து, உலையில் சுமார் 550 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அம்மோனியா வெளியேறும். அடியில் வெளிர் மஞ்சள் தூள் மிஞ்சும். அதுதான் கார்பன் நைட்ரைடு. இது தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் தரும் என்று 2009-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒளி பட்டதும் தூளில் உள்ள எலக்ட்ரான் துள்ளி எழும். அது இருந்த இடம் காலியாகும். அந்த எலக்ட்ரான் ஹைட்ரஜனை உண்டாக்கும். காலியிடம் தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும், ஆக்சிஜன் பிறக்கும். ஆனால் பெரும்பாலான எலக்ட்ரான்கள் வேலை செய்யும் முன்பே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. சிக்கலே அங்கேதான்.

1972-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் தண்ணீரைப் பிரிக்கப் பயன்படுத்திய டைட்டானியம் டை ஆக்சைடு மலிவானது, உறுதியானது. ஆனால் அது புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். வெயிலில் அதன் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான். கார்பன் நைட்ரைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதா, நீலப் பகுதியையும் பயன்படுத்தும்.

தூள் மலிவு என்பதால் ஹைட்ரஜனும் மலிவாகிவிடாது. எலக்ட்ரானைப் பிடித்துவைக்கப் பலரும் தூளின் மேல் விலையுயர்ந்த பிளாட்டினம் சேர்க்கிறார்கள். அதற்கு மாற்றாக மாலிப்டினம் சல்பைடு உதவும். பெங்களூரு ஜவகர்லால் நேரு அறிவியல் ஆய்வு மையத்தில் வேதியியலாளர் சி.என்.ஆர். ராவின் குழு மாலிப்டினம் சல்பைடைக் கொண்டு ஹைட்ரஜன் எடுத்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டது.

இன்னொரு செலவும் உண்டு. பல சோதனைகளில் டிரைஎத்தனாலமைன் போன்ற வேதிப்பொருளையும் தண்ணீரில் கலக்கிறார்கள். காலியிடத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அது தீர்ந்துபோகும். அதை விலைக்கு வாங்கி ஊற்றிக்கொண்டே இருந்தால் எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது.

2021-இல் ஜப்பானில் வேறொரு ஒளிவினையூக்கி பூசிய 100 சதுர மீட்டர் பலகைகளை வெயிலில் வைத்து, வேதிப்பொருள் எதுவும் கலக்காமல் ஹைட்ரஜன் எடுத்தார்கள். வெயிலின் ஆற்றலை ஹைட்ரஜனாக்கியதில் கிடைத்த உச்சத் திறன் 0.76 சதவீதம். எண் சிறிதுதான். ஆனால் அது நேர்மையான எண்.

எனவே, இந்தத் துறைக்கு வரும் மாணவர்களே, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வாயு வந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். தூள் எத்தனை நாள் தாங்கியது, கூடவே என்னென்ன தீர்ந்தது என்பதையும் எழுதுங்கள். மலிவு என்பதை அந்தக் கணக்குதான் முடிவு செய்யும்.