வேடிக்கை பார்ப்பவருக்கு ஓர் இடம்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தக்காளி, கொத்தமல்லி, ரோஜா என்று தோட்டப் பயிர் விளையும் பூமி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, சந்தையில் தமிழில் விலை பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். வெளியிலிருந்து வந்தவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்வி எல்லையோர ஊர்களுக்குப் புதிதல்ல. பொழுதுபோக்கு ஆட்டம் அதற்கு எப்போதுமே ஒரு வழி வைத்திருந்தது. அந்த வழி இப்போது பாதி அடைபட்டுக் கிடக்கிறது.

அன்றைய ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரித்துண்டால் தரையில் கோடு கிழித்தால் பலகை தயார். உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள், மொத்தம் 23 புள்ளிகள். 3 புலி, 15 ஆடு. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குக் கூழாங்கல். ஆட்டுக்காரர் முறைக்கு ஒன்றாகக் கல்லை இறக்குவார். பக்கத்து ஆட்டுக்கு அப்பால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். எந்தப் புலியும் நகர முடியாதபடி மடக்கிவிட்டால் ஆடு ஜெயித்தது. தமிழ்நாட்டின் பழைய கோயில்கள் பலவற்றில் மண்டபத் தரையிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆடுகிறவர்கள் இரண்டே பேர். ஆனால் சுற்றி நிற்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. “அங்க வைக்காதடா, வெட்டுப்படும்” என்று ஒருவர். “மாமா, மூலையை அடைங்க” என்று இன்னொருவர். புதிதாக வந்தவர் முதலில் இந்தக் கூட்டத்தில்தான் சேர்வார். நாலு நாள் பார்த்தால் விதி புரிந்துவிடும். ஐந்தாம் நாள் யாராவது எழுந்து வீட்டுக்குப் போகும்போது, “நீ உட்காருப்பா” என்று காயைக் கையில் கொடுப்பார்கள். புலி ஆடுவது புதியவருக்குச் சுலபம், வெட்டும் வாய்ப்பு கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆட்டை ஒன்றுக்கொன்று அணைவாக நிறுத்தப் பழகுவதற்குத்தான் நாளாகும். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இதே ஆட்டம் உண்டு என்பதால், எல்லை தாண்டிக் கூலி வேலைக்கு வந்தவருக்குக் கோட்டைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். பல்லாங்குழியும் தாயமும் அப்படியே. புகுந்த வீட்டில் யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாத புது மருமகளுக்கு, நாத்தனாரோடு பல்லாங்குழி முன்னால் உட்கார ஒரு சாக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கோயில் மண்டபத்தில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. ஆண்கள் கூடும் இடத்தில் பெண்கள் வந்து நிற்க முடியாது. விளையாட்டின் வாசல் திறந்திருந்தாலும் மண்டபத்தின் வாசல் பலருக்குத் திறக்கவில்லை.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை தொடங்கியது. ஷிப்டு வேலை வந்ததும் ஓய்வு நேரமும் மாறிப்போனது. காலையில் வேலை முடித்து வருபவரும் உண்டு, நள்ளிரவில் கிளம்புபவரும் உண்டு. அந்தத் தலைமுறை இளைஞர்களுக்குக் கைகொடுத்தது கேரம். 9 கறுப்பு, 9 வெள்ளை, நடுவில் ஒரு சிவப்பு. சிவப்பை, அதாவது ரெட்டைப் போட்டால், ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் அடுத்துப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ரெட் திரும்பப் பலகைக்கு வந்துவிடும். இந்த ஒரு விதியை விளக்கிவிட்டால் போதும், புது ஆள் ஆட உட்காரலாம். பன்னாட்டு கேரம் கூட்டமைப்பு 1988இல் உருவானதே சென்னையில்தான். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, சென்னை புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகள். தெருவுக்குத் தெரு பலகை போட்டு, வந்தவரையெல்லாம் உட்காரவைத்த வடசென்னைப் பழக்கம்தான் இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைக் கொடுத்திருக்கிறது.

இன்றைக்கு உத்தனப்பள்ளியை ஒட்டி நாகமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இயங்குகிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் அறை எடுத்தும் விடுதியிலும் தங்கியிருக்கிறார்கள். இப்போதைய புது ஆட்கள் இவர்கள்தான். ஆட்டம் கைப்பேசிக்குள் போய்விட்டது. பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், மறு ஆண்டே வேறு பெயரில் வந்தது. அதே வகையான ஃப்ரீ ஃபயரை 2022இல் தடுத்தார்கள். அணிக்கு நாலு பேர் என்பது இந்த ஆட்டங்களின் வழக்கம். ஒரே அறையில் நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பார்கள், ஐந்தாவதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. திரை உள்ளங்கை அளவு, காதில் ஹெட்செட். எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லை. முன்பின் தெரியாத அணியில் சேர்ந்து முதல் நிமிடத்திலேயே சுடப்பட்டுச் செத்தால், தெரியாத மொழியில் வசவு விழும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

பணம் கட்டி ஆடுவது இதைவிட மோசம். அங்கே புதியவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் அக்கறை இருக்காது, அவர் தோற்றால்தான் அடுத்தவருக்குக் காசு. இதற்கு எதிராகத் தமிழ்நாடு 2023இல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நல்ல காரியம், தாமதமாக வந்தது என்பதுதான் வருத்தம்.

கைப்பேசியே எதிரி என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே கைப்பேசியைப் பாய் நடுவில் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து லூடோ ஆடும்போது பழைய தாயக்கட்டம் திரும்பி வந்துவிடுகிறது. ஆறு விழுந்தால் கைதட்டுவதற்கு மொழி வேண்டாம். “பையா, காட்டோ” என்று இந்தியில் தமிழ்ப் பையன் கத்துகிறான், “வெட்டுடா” என்று ஒடியாக்காரர் கத்துகிறார். எல்லோரும் பார்க்கிற மாதிரி ஆட்டம் நடுவில் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

கேரம் பலகையைச் சுற்றிய கூட்டத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. இருவர் இருவராக ஆடும்போது இருப்பதிலேயே நன்றாக ஆடுகிற அண்ணன், புதியவரைத் தன் ஜோடியாக எதிரே உட்காரவைத்துக்கொள்வார். புதியவர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்ததும் அவர் பேசமாட்டார். எந்தக் காயை அடிக்கலாம் என்று விரலை நீட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். அடி தவறினால் பவுடரைத் தூவிவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருப்பார். தோற்ற ஜோடி எழுந்து வெளியே நிற்பவர்களுக்கு இடம் விட வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் எழுந்துதான் ஆகவேண்டும். புது ஆளைச் சேர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கிராம ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்திருக்கிறது. பொருள் வந்துவிட்டது, அதைப் பூட்டி வைக்காமல் இருப்பது நம் பொறுப்பு. விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டீக்கடையில் போடும் கேரம் பலகைக்கு விடுதிப் பெண்கள் வரமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அவர்கள் தங்கும் இடத்துக்குள் ஒரு கேரம் பலகை போடுங்கள். பலகையைச் சுற்றி நாலு பேர் நிற்க இடம் விட்டுப் போடுங்கள். காசு வைத்து ஆட விடாதீர்கள். ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களே, உங்கள் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் அடுத்த ஆட்டத்தில் அவரை உங்கள் ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள்.