இடுப்பு பிடித்துக்கொண்டால் படுத்துவிடாதீர்கள்

தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தபோது இடுப்பில் சுளீரென்று பிடித்துக்கொள்கிறது. நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி நடந்துவந்து கட்டிலில் சாய்ந்தால், அடுத்த நிமிடமே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: “ஜவ்வு விலகியிருக்கும். ஒரு வாரம் அசையாம படு.” அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் இடுப்பு வலிக்காரர்களை வலியைவிட அதிகமாக முடக்கிப்போடுவது இந்தப் படுக்கைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில், திடீர் இடுப்பு வலியோடு வந்த 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 1995-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் முழு ஓய்வு, இன்னொரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாம் பிரிவினரிடம், வலி பொறுக்கிற அளவுக்கு அன்றாட வேலைகளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது இந்த மூன்றாம் பிரிவு. தேறுவதற்கு அதிக நாள் பிடித்தது படுத்திருந்தவர்களுக்கு. கவனியுங்கள், முதல் நாட்களில் பயிற்சி என்று உடம்பை வருத்தியவர்களும் முந்திவிடவில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது தேவைப்படுவது மெல்லிய நடமாட்டம் மட்டுமே.

இடுப்பு வலி யாரையும் விட்டுவைப்பதில்லை. 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம், இந்த எலும்பு, இந்த நரம்பு என்று விரல் வைத்துக் காட்டும்படி ஒரு காரணம் கிடைப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதுவும் முறியவில்லை, நசுங்கவில்லை என்பதால் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வலி நன்றாகத் தணிந்துவிடுகிறது.

பிறகு ஏன் ஸ்கேனில் ‘ஜவ்வு பிதுங்கியிருக்கிறது’ என்று வருகிறது? 1994-இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு ஜவ்வாவது புடைத்திருந்தது. வயது ஏறும்போது நரை விழுவதுபோல ஜவ்விலும் தேய்மானம் தெரியும். ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, இனிமேல் குனியவே கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பயந்து நடப்பவர்களைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது.

பயப்பட வேண்டிய இடங்களும் உண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தன்னையறியாமல் பிரிவது, மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழே விழுந்த பிறகு வந்த வலி, புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் வலி, காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் சேர்ந்த வலி ஆகியவற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அரிதல்ல. எலும்பு தேய்ந்த வயதான பெண்களுக்கு இலேசான அதிர்வே முறிவை உண்டாக்கிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் வைத்தியத்தை வீட்டிலேயே தொடங்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணையை வையுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவே ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். கால் மணி நேரம் அப்படி இருந்தால் தசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதன்பின் எழுந்து வீட்டுக்குள் நாலு எட்டு வைக்க வேண்டும். எழுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. படுத்த நிலையிலிருந்து நேராக எம்பி உட்காரக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் சரிந்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். ‘வலப்பக்கம் திரும்பி எழு’ என்று வீட்டுப் பெரியவர்கள் பழக்கியதும் இதைத்தான்.

உப்பு ஒத்தடம் நல்ல மருந்து. கல் உப்பை வெறும் வாணலியில் படபடவென்று பொரியும் வரை வறுத்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் கெட்டியாக முடிந்துகொள்ளுங்கள். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள். சூடு பொறுக்கிற பதத்துக்கு வந்த பிறகு இடுப்பில் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். வெந்நீர்ப் பையும் இதே வேலையைச் செய்யும். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடுவதுண்டு. அவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பவர்தான் சூடு பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் ‘இடுப்பு வலிக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் மாத்திரை வேறு சங்கதி. டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும். ரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

இடுப்பு வலிக்குக் குப்புறப் படுக்கும் வைத்தியமும் உண்டு. அது பிறந்த கதை சுவையானது. 1956, நியூசிலாந்தின் வெலிங்டன் நகரம். ராபின் மெக்கன்சி என்ற இயன்முறை மருத்துவர், காலுக்கு இறங்கிய இடுப்பு வலியோடு வந்த ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். மேசையின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், நோயாளி முதுகு பின்னால் வளைந்தபடி கிடக்கிறார். மெக்கன்சி பதறிப்போனார். வந்தவரோ, பல வாரங்களில் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை, கால் வலியே போய்விட்டது என்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் சொல்லித்தரப்படும் மெக்கன்சி முறை.

நீங்களும் செய்து பார்க்கலாம். தரையில் விரிப்பைப் போட்டுக் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் மூச்சை நிதானமாக விடுங்கள். அடுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள், இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு சுருங்கினால் நல்ல அறிகுறி. இடுப்பு வலி காலுக்குள் இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள், உங்களுக்கு ஒத்துவரும் பயிற்சி அதுவல்ல.

காசைக் கொட்டி வாங்கும் சிலவற்றைத் தவிர்க்கலாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வழிகாட்டியது. கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்பெயினில் 313 பேரிடம் நடத்திய ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே வலியைக் குறைத்தது. பாய் பழகி நன்றாகத் தூக்கம் வருகிறவர்கள் அதை மாற்ற வேண்டாம்.

வீட்டுப் பெண்களின் இடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு முழுக்கப் படுத்திருக்கையில் ஜவ்வுகள் நீரை உறிஞ்சிப் புடைத்திருக்கும். அதனால் எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரம் குனியும்போது அவற்றின் மேல் பாரம் கூடும். நம் வீடுகளில் வாசல் தெளிப்பதும், கோலம் போடுவதும், குடம் தூக்குவதும் அந்த நேரத்தில்தான். வலி இருக்கும் நாட்களில் அந்த வேலையைக் கணவரோ பிள்ளையோ செய்யட்டும். காஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவைத் தொடும். அதைத் தனியாகத் தூக்க வேண்டாம். வேறு எதைத் தூக்கினாலும் முழங்காலை மடக்கி, பொருளை வயிற்றோடு அணைத்து எழுங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். அடுப்படியில் நெடுநேரம் நிற்பவர்கள் ஒரு மணைப்பலகையைப் போட்டு இரு கால்களையும் மாற்றி மாற்றி அதன்மேல் வைக்கலாம்.

வலி போன பிறகு அது திரும்பி வராமலிருக்க எது உதவும்? ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. இயன்முறை மருத்துவரின் ஆலோசனையோடு சிறிது சிறிதாக நடையைக் கூட்டியவர்களுக்கு அடுத்த வலி வர இடைநிலை அளவாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பதே அவர்களின் இலக்கு. அதை எட்ட ஆறு மாதம் வரை அவகாசம் இருந்தது. நீங்களும் தெருமுனை வரை போய்வரும் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். நடுவில் இடுப்பு மறுபடி முரண்டு பிடித்தால் அந்த வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், நடையை நிறுத்த வேண்டியதில்லை.